எப்.சி.க்கு அடிக்கும் கறுப்பு ஸ்பிரிங்கைக் காப்பாற்றாது

எப்.சி. தேதி நெருங்கினால் நம் வியாபாரிகள் செய்கிற முதல் வேலை, வண்டியைப் பெயிண்ட் பட்டறைக்கு அனுப்புவது. பட்டறைக்காரர் பாடியைத் தேய்த்து வர்ணம் அடிக்கிறார், நம்பர் எழுதுகிறார், ஒளிரும் பட்டை ஒட்டுகிறார். கடைசியில் மிச்சமிருக்கும் கறுப்புப் பெயிண்டில் தின்னரை ஊற்றிக் கலக்கி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சேஸிஸ், அச்சு, ஸ்பிரிங், ரப்பர் புஷ், பிரேக் குழாய், காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு என்று எல்லாவற்றின் மேலும் ஒரே வீச்சாக அடித்து முடிக்கிறார். அடியில் குனிந்து பார்த்தால் வண்டி புது மாப்பிள்ளை போல இருக்கிறது. ஒரு மழைக்காலம் கழித்து அதே ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்புத் தோல் உரிந்து வரும். உள்ளே செங்கல் பொடி போலத் துரு உதிரும்.

இது பாதுகாப்பு அல்ல, வெறும் கண்துடைப்பு. வண்டியின் ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் தேவை. ஆனால் அது ஆய்வாளர் கண்ணுக்காக அடிக்கிற பெயிண்டாக இருக்கக் கூடாது. ஸ்பிரிங்கின் ஆயுளுக்காக, தெரிந்து தேர்ந்தெடுத்து, முறையாக அடிக்கிற பெயிண்டாக இருக்க வேண்டும். "மளிகைக் கடைக்காரனுக்கு ஸ்பிரிங் பெயிண்ட் ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். லோடு நம்முடையது, வண்டி நம்முடையது, அதை ஓட்டுகிற டிரைவர் நம் ஆள். ஸ்பிரிங் முறிந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

வண்டி நமது இரண்டாவது கடை

ஒரு காலத்தில் மண்டியிலிருந்து கடைக்கு மாட்டு வண்டியில் சரக்கு வந்தது. பிறகு அம்பாஸடர் காரின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றினோம். மாருதி ஆம்னி வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, சந்துக்குள் நுழைகிற சிறு லாரி நடுத்தர மளிகைக் கடைக்காரருக்கும் சொந்தமாயிற்று. அம்பாஸடர் தயாரிப்பு 2014-லும் ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றுபோயின. ஆனாலும் பழைய ஆம்னி இன்னும் பல ஊர்களில் வெற்றிலைக் கூடையும் பிஸ்கட் பெட்டியும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த மூன்று வண்டிகளிலும் பின்பக்கச் சுமையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். ஆம்னிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் உண்டு. இப்போது வருகிற கார்களில் பெரும்பாலும் முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங்தான். தமிழில் பட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்கெனவே ஓர் அழகான பெயர் இருந்தது: வில். வில் வண்டி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். வில் எப்படி வளைந்து நிமிர்கிறதோ, அப்படியே ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இந்த வேலையை அது செய்கிறது. அந்த உழைப்புதான் துருவை ஆபத்தானதாக்குகிறது.

துரு ஏன் ஸ்பிரிங்கை முறிக்கிறது?

கடை வாசல் ஷட்டரில் துரு பிடித்தால் பார்க்க அசிங்கம். ஆனால் ஷட்டர் முறிந்து விழுவதில்லை. ஸ்பிரிங் விஷயம் வேறு. அது பதம் ஏற்றிய கடினமான எஃகு. வளையும்போது முழு அழுத்தமும் அதன் மேல்தோலில்தான் விழுகிறது. சுருள் ஸ்பிரிங்கில் வளையத்தின் உட்பக்கத் தோலில் அது மிக அதிகம். அந்தத் தோலில் கடுகளவு துருக்குழி விழுந்தாலும் அழுத்தம் அந்த இடத்தில் குவிகிறது. அங்கே மயிரிழை போல் ஒரு விரிசல் தொடங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. பிறகு ஒரு நாள், பெரிய பாரம்கூட இல்லாமல், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "படீர்" என்று முறிகிறது. டிரைவர் மேல் பழி போடுகிறோம். உண்மையில் முறிவு தொடங்கி மாதங்கள் ஆகியிருக்கும்.

ஸ்பிரிங் தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் நல்ல ஸ்பிரிங்கின் மேற்பரப்பில் சிறு எஃகு உருண்டைகளை வேகமாக அடித்துத் தோலை இறுக்குகிறார்கள். அப்படி இறுகிய தோலில் விரிசல் எளிதில் திறக்காது. அதன் மேல் பாஸ்பேட் பூச்சு, அதற்கும் மேல் எபாக்ஸி போன்ற பூச்சு. இந்த இறுகிய தோல் மிக மெல்லியது. துரு அதைத் தின்றுவிட்டால் கம்பெனி செய்த பாடெல்லாம் வீண்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சுருள் ஸ்பிரிங் கம்பி துருவித் தேய்ந்து 10.8 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடிமன் பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் அதே சுமைக்குக் கம்பியில் விழும் அழுத்தம் சுமார் 37 சதவீதம் கூடிவிடும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை அதே விகிதத்தில் தேய்ந்தால் அழுத்தம் சுமார் 23 சதவீதம் கூடும். இதில் துருக்குழியின் கேட்டை நான் சேர்க்கவே இல்லை.

நம் சரக்கே நமக்கு எதிரி

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புச் சேறு தெறித்து, கார்களின் சுருள் ஸ்பிரிங் முறிவது அங்கே பழகிப்போன தொல்லை. நம் ஊரில் சாலையில் உப்பு இல்லை. ஆனால் வண்டிக்குள்ளேயே உப்பு இருக்கிறது.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்திலிருந்து கல்லுப்பு ஏற்றுகிற வண்டியைப் பாருங்கள். மூட்டையிலிருந்து கசிகிற உப்பு நீர், தளத்தின் இடுக்கு வழியாக நேரே பின் ஸ்பிரிங் மேல் சொட்டுகிறது. கருவாட்டுக் கூடையும் அப்படித்தான். உர மூட்டை கிழிந்து சிந்தினால் அதுவும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெயில் காலத்தில் உருகிய வெல்லப் பாகு தூசியைப் பிடித்து ஸ்பிரிங்கில் ஒட்டவைத்து, எப்போதும் ஈரமாக ஒரு போர்வை போர்த்திவிடும். போதாததற்கு, கடலோர ஊர்களில் சில வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் வண்டி கழுவுகிற ஆழ்குழாய்த் தண்ணீரே உப்புத் தண்ணீர். கழுவக் கொடுத்த காசுக்கு உப்பை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

எந்த இடத்தில் துரு முதலில் பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்கில் அது கீழ் வளையம். அது உட்காரும் கிண்ணத்தில் மணலும் தண்ணீரும் தேங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் உப்புத்தாள் போலப் பெயிண்டைத் தேய்க்கிறது. பட்டை ஸ்பிரிங்கில் பட்டைக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள இடுக்கு, யு போல்ட் பிடிக்கிற இடம், கிளிப்புக்கு அடி ஆகிய மூன்றும் முதலில் கெடுகின்றன. எப்.சி. கறுப்பு போய்ச் சேராத இடங்களும் இவையேதான்!

எந்தப் பெயிண்ட்?

"ஸ்பிரிங் இவ்வளவு ஆடுகிறதே, ரப்பர் மாதிரி இழுபடுகிற பெயிண்ட் அல்லவா வேண்டும்?" என்று பலர் கேட்பார்கள். இது தவறான எண்ணம். ஸ்பிரிங் முழுதாகப் பார்த்தால்தான் அதிகம் ஆடுகிறது. அதன் தோலில் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே இழுபடுவது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். நல்ல பெயிண்ட் எதுவும் அதைத் தாங்கும். ஸ்பிரிங் பெயிண்டுக்கு வேண்டிய குணங்கள் மூன்று: இரும்பை இறுகப் பிடிக்க வேண்டும்; கல் தெறித்தால் சில்லுப் பெயராமல் இருக்க வேண்டும்; உப்புத் தண்ணீரை உள்ளே விடக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துக் கடையில் கிடைக்கிற சரக்கை எடை போடுவோம்.

டக்கோ என்று நாம் சொல்கிற என்.சி. பெயிண்ட் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பட்டறைக்காரருக்கு அதுவே அதன் பெருமை. படலம் மெல்லியது, சீக்கிரம் நொறுங்கும்; பெட்ரோலும் தின்னரும் பட்டால் கரையும். ஸ்பிரிங்குக்கு இது ஆகாது.

தார்க் கறுப்பு விலை மலிவு, தண்ணீரையும் தடுக்கும். ஆனால் நம் சித்திரை வெயிலில் இளகும், தூசியைப் பிடிக்கும், நாளடைவில் வெடிக்கும். டீசல் பட்டால் வழியும். நீர்த் தொட்டியின் அடிப்பக்கத்துக்கு அது சரி. ஓடுகிற ஸ்பிரிங்குக்குச் சுமாரானதே.

சிந்தெடிக் எனாமல் நம் எல்லோருக்கும் பழக்கமான சரக்கு. பிரஷ்ஷால் அடிக்கலாம், எந்த ஊரிலும் கிடைக்கும், சில்லறையாக வாங்கலாம். துருத் தடுப்பு பிரைமருக்கு மேல் இரண்டு கை அடித்தால் உள்ளூர் ஓட்ட வண்டிக்குக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கல்லடிக்கு அவ்வளவு தாங்காது. ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, பெயர்ந்த இடத்தைச் சரி செய்தே ஆக வேண்டும்.

எபாக்ஸி பிரைமர் இரண்டு டப்பாவாக வருகிற சரக்கு. ஒன்றில் பெயிண்ட், மற்றதில் கடினமாக்கி. இரும்பைப் பிடிப்பதில் இதற்கு நிகர் அதிகம் இல்லை. உப்பு நீரையும் நன்றாகத் தடுக்கும். வெயிலில் வெளுத்துப் பொடிந்துபோகும் என்பது இதன் குறை. வண்டிக்கு அடியில் வெயில் ஏது? ஆகவே அந்தக் குறை இங்கே பெரிதல்ல.

பாலியூரித்தேன், கடைக்காரர் பாஷையில் பி.யு., இதுவும் இரண்டு டப்பா. கடினமும் உண்டு, வளைந்துகொடுக்கும் குணமும் உண்டு. கல்லடியைத் தாங்குவதில் எனாமலைவிடப் பல படி மேல். எபாக்ஸி பிரைமருக்கு மேல் பி.யு. கறுப்பு அடிப்பது, வண்டியிலிருந்து கழற்றாமல் செய்யக்கூடியவற்றில் மிகச் சிறந்த ஏற்பாடு.

பவுடர் கோட்டிங் என்பது பெயிண்ட் பொடியை மின்சாரத்தால் ஒட்டவைத்து அடுப்பில் வேகவைப்பது. ஸ்பிரிங்கைக் கழற்றி, மணல் அல்லது எஃகுப் பொடி பாய்ச்சிச் சுத்தம் செய்து, அதன் பிறகே செய்ய வேண்டும். அடுப்புச் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதம் ஏற்றிய சூடு அதைவிட மிக அதிகமாதலால் பதம் கெடாது. வேறு வேலைக்காக ஸ்பிரிங் எப்படியும் கழற்றப்படுகிறது என்றால் இதுவே முதல் தேர்வு. அதற்காகவே கழற்றுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் பளிச்சென்று சுத்தமான இரும்பின் மேல் அடித்தால்தான் அது வேலை செய்யும். அதன் மேல் நேராக எனாமல் அடித்தால் எனாமல் நாளடைவில் உரிந்துவிடும். இடையில் எபாக்ஸி ஒரு கை வேண்டும். இதைத் தெரியாத பட்டறையில் இந்தச் சரக்கைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

ஆக, என் முடிவு இது. உப்பு, கருவாடு, உரம் ஏற்றுகிறவர்களும் கடலோர ஊர்க்காரர்களும் எபாக்ஸி பிரைமரும் பி.யு.வும் அடிக்க வேண்டும். உள்நாட்டு ஊர்களில் உலர்ந்த சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு நல்ல பிரைமரும் இரண்டு கை எனாமலும் போதும். புது வண்டி வாங்கியவர்கள் கம்பெனி பூச்சின் மேல் எதையும் அடிக்க வேண்டாம். பெயர்ந்த இடத்தை மட்டும் உடனுக்குடன் மூடி வந்தால் போதும்.

பெயிண்டைவிடப் பெரிது முன்வேலை

மிக உயர்ந்த பெயிண்டை வாங்கி, சேற்றின் மேல் அடித்தால் என்ன ஆகும்? சேறு உதிரும்போது பெயிண்டும் சேர்ந்து உதிரும். துருவின் மேல் அடித்தாலும் அதே கதைதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வீங்குகிற பொருள். பெயிண்டுக்கு அடியில் துரு உயிரோடு இருந்தால் அது பெயிண்டை உள்ளிருந்தே தள்ளிவிடும்.

ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் வேகமாகப் பீய்ச்சி உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தூளால் எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு கம்பி பிரஷ்ஷால் செதில் துருவை உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்தால்தான் கை எட்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் முட்டுக் கொடுத்துத்தான் அடியில் போக வேண்டும். தேய்க்கும்போது விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்ப்பது அவசியம். விரிசல் கண்ட ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் மருந்தல்ல, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் இடமும் வலமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

இதனால்தான் எப்.சி. கறுப்பை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். அது துருவைத் தடுக்காததோடு விரிசலையும் மூடி மறைக்கிறது. பார்த்திருக்க வேண்டிய கண்ணையே கட்டிவிடுகிறது.

இரண்டு டப்பாச் சரக்கில் கலவை விகிதம் டப்பாவில் எழுதியபடியே இருக்க வேண்டும். "கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும்" என்பது பட்டறைச் சாஸ்திரம். பெயிண்ட் சாஸ்திரம் அல்ல. கலந்த சரக்கு சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஆகவே வேலைக்கு வேண்டிய அளவே கலக்க வேண்டும். இரண்டு மூன்று மெல்லிய கைகளாக அடித்து, மொத்தம் ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் வந்தால் நல்லது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே லோடு ஏற்றக் கூடாது. முழுமையாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முழு வாரம் நிறுத்த முடியாதவர்கள் முதல் இரண்டு மூன்று நாளாவது மண் பாதைக்கும் உப்பு லோடுக்கும் அனுப்பாமல் இருக்கட்டும்.

மழையிலும் பனி இறங்குகிற விடியற்காலையிலும் பெயிண்ட் வேலை வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன்பு, ஆடி ஆவணியில் முடித்துக்கொள்வது பெரும்பாலான மாவட்டங்களுக்குத் தோதாக இருக்கும்.

செய்யக் கூடாதவை

பெயிண்ட் படக் கூடாத இடங்கள் உண்டு. ரப்பர் புஷ்ஷில் தின்னர் பட்டால் ரப்பர் கெடும். யு போல்ட் நட்டு உட்காரும் இடத்திலும், ஸ்பிரிங் அச்சின் மேல் உட்காரும் இடத்திலும் தடித்த பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, முறுக்கு தளர்ந்துவிடும். வேலை முடிந்து சில நாள் ஓடியதும் யு போல்ட்டை மெக்கானிக்கிடம் காட்டி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று உரசுகிற பழைய வகைப் பட்டைகளுக்கு இடையில் கிராபைட் கிரீஸ் போடலாம். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வருகிற புது வகைக்குக் கிரீஸ் வேண்டியதில்லை. கழுவி வைத்தாலே போதும்.

துருவை எடுக்க ஸ்பிரிங்கை ஆசிட்டில் முக்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது பெரிய ஆபத்து. ஆசிட் இரும்பைத் தின்னும்போது உண்டாகிற ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் ஸ்பிரிங், பாரம் ஏறியதும் கண்ணாடி போல உடையும். அதே காரணத்தால் கண்ட இடத்தில் ஸ்பிரிங்குக்கு மின் முலாம் போடுவதும் வேண்டாம். வெல்டிங் வைப்பது, நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தட்டி வளைப்பது ஆகியவை பதத்தை அழித்துவிடும். மறுபடி முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் அது வெறும் இரும்புப் பட்டை.

மழைக்கு முன் கழிவு ஆயிலை அடியில் பீய்ச்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயில் ரப்பரைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டுகிற இடமெல்லாம் மண்ணும் தண்ணீரும் பாழ். அரிசியும் பருப்பும் ஏற்றுகிற வண்டிக்கு அது அழகும் அல்ல. அதே போல, மிச்சப் பெயிண்டையும் தின்னரையும் கொண்டுவந்து குடோனில் வைக்காதீர்கள். தீ ஆபத்து ஒரு பக்கம். தேயிலையும் மாவும் அந்த நெடியை இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

பெயிண்ட் அடிக்கிறவரும் மனிதர்தான்

பி.யு. பெயிண்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதைத் துப்பாக்கியால் பீய்ச்சும்போது கிளம்புகிற புகையைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரலாம். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது இதற்குப் பாதுகாப்பல்ல. வெளிக் காற்றைக் குழாய் வழியாகத் தருகிற முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் பீய்ச்ச வேண்டாம். திறந்த வெளியில், கையுறை போட்டு, பிரஷ்ஷால் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்குப் பளபளப்பா முக்கியம்? பிரஷ் கோடு தெரிந்தால் தெரியட்டும்.

ஈயத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. ஆனால் அந்த விதி தொழில் உபயோகப் பெயிண்டுகளுக்குப் பொருந்தாது. ஆகவே டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. பழைய பெயிண்டை உலர்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்ப்பது நல்லது.

எதிர்வாதங்கள்

"புது ஸ்பிரிங் பட்டை ஒன்றின் விலை என்ன பெரிய விலை? முறிந்தால் மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். பட்டையின் விலையோடு கணக்கு முடிந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். வழியில் நின்ற வண்டியை இழுத்து வருகிற கூலி, லோடை வேறு வண்டிக்கு மாற்றுகிற கூலி, அழுகிப்போன தக்காளி, பண்டிகை நேரத்தில் கடையில் சரக்கு இல்லாமல் திரும்பிப் போன வாடிக்கையாளர், இரண்டு நாள் சும்மா இருந்த டிரைவரின் சம்பளம் இவையெல்லாம் எந்தப் பில்லில் வருகின்றன? உங்கள் கணக்குப் புத்தகத்தையே திருப்பிப் பாருங்கள். இதற்கும் மேலே ஒன்று உண்டு. சுருள் ஸ்பிரிங் முறிந்தால் அதன் கூர் முனை டயரைக் கிழிக்கலாம். பாரத்தோடு வளைவில் திரும்பும்போது அது நடந்தால் விலை ரூபாயில் அல்ல.

"ஸ்பிரிங் முறிவது துருவால் அல்ல, அதிக பாரத்தால்" என்பார்கள். பாதி உண்மை. அளவுக்கு மீறி ஏற்றினால் எந்தப் பெயிண்டும் காப்பாற்றாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் துருப்பிடித்த ஸ்பிரிங் அனுமதித்த பாரத்தைக்கூடத் தாங்காது. துருவும் பாரமும் கூட்டுக் களவாணிகள். ஒன்றை மட்டும் பிடித்தால் போதாது.

"இவ்வளவு செய்து எப்.சி.க்கு என்ன லாபம்?" என்பது மூன்றாவது கேள்வி. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இடையில் வருகிற நாட்களெல்லாம் வண்டி ஓடத்தானே வேண்டும்? சான்றிதழ் ஒரு நாள் சோதனை. ஸ்பிரிங்குக்குத் தினமும் சோதனை.

சங்கம் செய்யக் கூடியது

இதைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்தால் மலிவு. எபாக்ஸியும் பி.யு.வும் பெரிய டப்பாவாக வாங்கினால் விலை குறையும். ஆனால் ஒரு வண்டியின் ஸ்பிரிங்குக்கு அவ்வளவு தேவைப்படாது, திறந்த சரக்கு வீணாகும். பத்து உறுப்பினர்கள் ஒரே வாரத்தில், ஒரே பட்டறையில் என்று பேசி வைத்துக்கொண்டால் டப்பா மிச்சமாகாது. பட்டறைக்காரரும் முறையாகச் செய்யக் கற்றுக்கொள்வார். ஊர்தோறும் நம் சங்கக் கிளைகள் ஆடி மாதத்தில் இப்படி ஒரு ஏற்பாடு செய்யலாம். பெயிண்ட் கடை வைத்திருக்கிற உறுப்பினர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் காலாவதியாகாத சரக்கை, தயாரிப்புத் தேதி பார்த்து, பில்லோடு தர வேண்டும். நம் கடைப் பிஸ்கட்டுக்குத் தேதி பார்ப்பது போலவே கடினமாக்கி டப்பாவுக்கும் தேதி பார்க்க வேண்டும்.

பில் என்றதும் இன்னொன்று. சரக்கு வாகனத்தின் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. வரி இல்லாத சரக்கும் விற்கிறவர்களுக்கு அந்தப் பங்கு குறையும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. சொந்தக் காருக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. துண்டுச் சீட்டில் கணக்கு முடிக்கிற பட்டறையில் இந்தத் தொகை நமக்கு நஷ்டம்தான்.

டிரைவர்களுக்கும் ஒரு சிறு பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். உப்பு, கருவாடு, உரம் இறக்கிய அன்றே ஸ்பிரிங் மேல் நல்ல தண்ணீர் நான்கு வாளி ஊற்ற வேண்டும். மாதம் ஒரு முறை குனிந்து பார்த்து, பெயிண்ட் பெயர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன டிரைவரை "உனக்கு வேறு வேலை இல்லையா" என்று கேட்காமல், அன்றே அதைச் சரி செய்ய வேண்டும். சிறிய டப்பா ஒன்றும் ஒரு பிரஷ்ஷும் போதும்.

மூட்டையின் வாயைத் தைப்பதில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! ஒரு கிலோ பருப்பு சிந்தினால் மனம் பதைக்கிறது. அந்த மூட்டைகள் அத்தனையையும் தூக்கி நிற்கிற ஸ்பிரிங்கின் மேல் மட்டும் மிச்சப் பெயிண்டைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அடுத்த எப்.சி.க்கு வண்டியை அனுப்பும்போது பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள்: "பாடியை உங்கள் இஷ்டப்படி அழகு பண்ணுங்கள். ஸ்பிரிங்கைக் கழுவி, தேய்த்து, எனக்குக் காட்டிய பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறங்கள்."